தலைச்சுற்றலும் மருந்துகளும்

தலைச்சுற்றல் அல்லது கிறுகிறுப்பு என்பது, தானோ தன்னைச் சூழ்ந்துள்ள பொருள்களோ உண்மையில் அசையாதிருக்கையில், சுழல்வது போலவோ சாய்வது போலவோ ஒருவருக்கு ஏற்படும் பொய்யான அசைவு உணர்வு ஆகும். இது தனியொரு நோயன்று. பல நோய்களில் காணப்படும் ஓர் அறிகுறியாகும். மருந்துகளுக்கும் இவ்வறிகுறிக்கும் உள்ள தொடர்பு இருவகைப்பட்டது. சில மருந்துகள் தலைச்சுற்றலைத் தணிக்கின்றன. வேறு பல மருந்துகள் அதனை உண்டாக்குகின்றன. ஒரே மருந்து இவ்விரண்டையும் செய்வதும் உண்டு. காசநோய்க்கு எதிராகக் கண்டறியப்பட்ட முதல் ஆற்றல்மிக்க மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். தமிழ்நாட்டில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஊசி மருந்தாக வழங்கப்பட்ட இது, எண்ணற்ற உயிர்களைக் காத்ததுடன் ஒரு பகுதி நோயாளிகளின் சமநிலை உணர்வையும் அழித்தது. அவ்வழிக்கும் இயல்பே, மெனியர் நோய் எனப்படும் கடுமையான தலைச்சுற்றல் நோய்க்கு அதனை மருந்தாகவும் ஆக்கியது.

சொல் வழக்கு

தமிழ்ப் பேச்சு வழக்கில் மயக்கம் என்னும் சொல் பல பொருள்களில் வழங்குகின்றது. நினைவிழந்து விழுதல், எழுந்தவுடன் கண் இருட்டுதல், நடையில் தள்ளாட்டம், உறக்கக் கலக்கம், உலகமே சுழல்வது போன்ற உணர்வு ஆகிய யாவும் மயக்கம் என்றே கூறப்படுவதுண்டு. கிறுகிறுப்பு, தலைச்சுற்று என்னும் சொற்களும் இவ்வாறே நெகிழ்வாகப் பயன்படுகின்றன. நாட்டு வழக்கில் இவை எல்லாவற்றுக்கும் பித்தமே காரணமாகச் சொல்லப்பட்டு, எலுமிச்சைச் சாறு, இஞ்சி, சீரக நீர் போன்றவை கொடுக்கப்படுகின்றன.

மருந்தினால் வந்த தலைச்சுற்றலைக் கண்டறிவதில் இவ்வேறுபாடு வெறும் சொல் ஆராய்ச்சியன்று. கண் இருட்டுகின்றது என்பவர் பெரும்பாலும் இரத்த அழுத்தக் குறைவையோ இரத்தச் சர்க்கரைக் குறைவையோ குறிப்பிடுகின்றார். பொருள்கள் சுழல்கின்றன என்பவரிடம் உட்காதையோ மூளைத்தண்டையோ ஐயுற வேண்டும். சுழற்சி ஏதுமின்றித் தள்ளாட்டம் மட்டும் உள்ளவருக்கு இரு உட்காதுகளும் ஒருசேரப் பழுதுற்றிருக்கலாம். இம்மூவருக்கும் மயக்கத்துக்கு மாத்திரை என்று ஒரே மருந்தைக் கொடுத்தால், மூவருள் இருவருக்கேனும் அது பயன்படாது.

சமநிலை உணர்வு

உடலின் சமநிலையை உட்காது, கண், தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு நரம்புகள் ஆகிய மூன்றும் சேர்ந்து பேணுகின்றன. இவற்றிலிருந்து வரும் செய்திகளை மூளைத்தண்டும் சிறுமூளையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றன. ஒவ்வோர் உட்காதிலும் மூன்று அரைவட்டக் குழாய்களும், உட்பை, சிறுபை எனப்படும் இரு பைகளும் உள்ளன. குழாய்களில் நிரம்பியுள்ள நீர்மம் தலையைத் திருப்பும்போது பின்தங்கி அசைகின்றது. இவ்வசைவை நுண்ணிய மயிர்க்கலங்கள் உணர்ந்து நரம்புச் செய்தியாக மாற்றுகின்றன. பைகளில் உள்ள சுண்ணத் துகள்கள் புவியீர்ப்பையும் நேர்கோட்டு அசைவையும் உணர உதவுகின்றன.

உட்காதின் மற்றொரு முதன்மையான பணி பார்வையை நிலைநிறுத்துவதாகும். தலை வலப்புறம் திரும்பும் அதே கணத்தில் கண்கள் இடப்புறம் அதே அளவு நகர்வதால்தான் நடக்கும்போதும் எதிரே உள்ள பெயர்ப்பலகையைப் படிக்க முடிகின்றது. இவ்வனிச்சைச் செயல் இல்லாவிடில், கையில் பிடித்து ஓடிக்கொண்டே எடுத்த நிகழ்படம் போல உலகம் குலுங்கித் தெரியும்.

வலம், இடம் இரு காதுகளும் ஓய்வு நிலையிலும் இடைவிடாது செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. ஒரு காது திடீரெனப் பழுதுற்றால் இச்சமன்பாடு குலைந்து, மூளை அதனைச் சுழற்சியாகப் பொருள் கொள்கின்றது. இரு காதுகளும் மெதுவாகவும் சம அளவிலும் பழுதுற்றால் சுழற்சி உணர்வு தோன்றாமலேயே போகலாம். மருந்தினால் வரும் பாதிப்பு பெரும்பாலும் இவ்விரண்டாம் வகையினது. மாதக்கணக்கில் இது கவனிக்கப்படாமல் போவதற்கு இதுவே காரணம். மனிதர் உள்ளிட்ட பாலூட்டிகளில் இழந்த மயிர்க்கலங்கள் பயனுள்ள அளவில் மீண்டும் வளர்வதில்லை. பறவைகளில் அவை மீண்டும் வளர்கின்றன.

ஸ்ட்ரெப்டோமைசின்

கண்டுபிடிப்பும் முதல் எச்சரிக்கைகளும்

ஸ்ட்ரெப்டோமைசின் 1943 இல் ஐக்கிய அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் ஷாட்ஸ் என்னும் மாணவரால், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. 1952 ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு வாக்ஸ்மன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. ஷாட்ஸ் விடுபட்டது இன்றும் விவாதிக்கப்படுகின்றது.

மாயோ மருத்துவமனையில் ஹின்ஷா, ஃபெல்ட்மன் ஆகியோர் 1944 இலிருந்து இம்மருந்தைக் காசநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். 1945 இல் வெளியான தொடக்க அறிக்கைகளிலேயே சமநிலைப் பாதிப்பு குறிக்கப்பட்டுள்ளது. பிரித்தானிய மருத்துவ ஆய்வு மன்றம் நடத்தி 1948 இல் வெளியிட்ட புகழ்பெற்ற சோதனையில் 107 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். அவர்களுள் 55 பேர் ஸ்ட்ரெப்டோமைசின் பெற்றனர். நோய் தணிவதில் மருந்தின் பயன் தெளிவாகத் தெரிந்தது. அதேவேளை மருந்து பெற்றோருள் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தலைச்சுற்றல் ஏற்பட்டது. நான்காம் அல்லது ஐந்தாம் வாரத்தில் அது தலைகாட்டியது. அக்காலத்தில் நாள்தோறும் 2 கிராம் வரை கொடுக்கப்பட்டது. இன்றைய அளவுகளோடு ஒப்பிட இது மிக அதிகம்.

இக்குறையைப் போக்குவதற்காக மூலக்கூற்றைச் சிறிது மாற்றி டைஹைட்ரோஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து 1940களின் இறுதியில் கொண்டுவரப்பட்டது. சமநிலையை அது குறைவாகவே பாதித்தது. ஆனால் கேட்கும் திறனை அழித்தது. சிலருக்கு மருந்தை நிறுத்திய பின்னரும் செவிட்டுத்தன்மை கூடிக்கொண்டே சென்றது. எனவே மனித மருத்துவத்தில் அது கைவிடப்பட்டது. காதுக்குத் தீங்கற்ற ஸ்ட்ரெப்டோமைசின் ஒன்றை உருவாக்கும் முயற்சி, ஒரு தீங்கை விட்டு அதனினும் பெரிய தீங்கைப் பெற்றதாக முடிந்தது.

சென்னை ஆய்வுகள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார அமைப்பு, பிரித்தானிய மருத்துவ ஆய்வு மன்றம் ஆகியவை சேர்ந்து 1956 இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிமருத்துவ மையத்தை நிறுவின. வாலஸ் ஃபாக்ஸ் இதன் தொடக்ககால ஆய்வுகளை வழிநடத்தினார். சானடோரியத்தில் படுக்கையில் வைத்துச் சிகிச்சை அளிப்பதற்கும் வீட்டிலிருந்தே மருந்து உண்பதற்கும் நோய் குணமாவதில் பெரிய வேறுபாடு இல்லை என்பதை இம்மையம் 1959 இல் வெளியிட்ட முடிவுகள் காட்டின. தாம்பரம், பெருந்துறை போன்ற இடங்களில் இருந்த காசநோய் மருத்துவமனைகளில் படுக்கைக்காகக் காத்திருந்த நோயாளிகளுக்கு இது வாழ்வா சாவா என்னும் கேள்விக்கான விடையாக இருந்தது.

அடுத்த கட்டமாக, வாரம் இருமுறை மட்டும் ஐசோனியசிட் மாத்திரையும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் கொடுக்கும் முறை இம்மையத்தில் ஆராயப்பட்டு, 1964 இல் அதன் முடிவுகள் வெளியாயின. நாள்தோறும் மாத்திரை உண்ணும் முறையோடு ஒப்பிட இது சிறந்த பலனைத் தந்தது. நோயாளி மருத்துவப் பணியாளர் முன்னிலையில் மருந்து பெறுவதால் மருந்து தவறுவதும் குறைந்தது. பின்னர் உலகெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையின் வேர்களுள் ஒன்று இங்கு உள்ளது. ஊசியின் எண்ணிக்கை குறைந்ததால் உட்காதுக்குச் சென்ற மருந்தின் மொத்த அளவும் குறைந்தது. ஆயினும் தலைச்சுற்றல் முற்றிலும் நீங்கவில்லை. அது தோன்றிய நோயாளிகளுக்கு மருந்தின் அளவைக் குறைப்பதும், தேவையானால் நிறுத்துவதும் வழக்கமாயின. இம்மையம் 1978 இல் காசநோய் ஆராய்ச்சி மையம் எனவும், 2011 இல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனவும் பெயர் மாற்றம் பெற்றது.

பாதிப்பு ஏற்படும் விதம்

ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், கனமைசின், அமிக்காசின் ஆகியவை அமினோகிளைக்கோசைடு என்னும் மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை குருதியிலிருந்து உட்காது நீர்மத்தை அடைந்து, அசைவை உணர்வதற்கென மயிர்க்கலங்களின் நுனியில் உள்ள நுண்வழிகள் ஊடாகவே கலத்தினுள் நுழைகின்றன. உள்ளே சென்றபின் எளிதில் வெளியேறுவதில்லை. கலத்தின் ஆற்றல் நிலையங்களான இழைமணிகளைச் சிதைத்து, இறுதியில் கலத்தையே மடியச் செய்கின்றன. குருதியில் மருந்து மறைந்த பின்னரும் உட்காதில் அது நெடுநாள் தங்குவதால், ஊசியை நிறுத்திய சில வாரங்களுக்குப் பிறகும் பாதிப்பு வளரக்கூடும்.

இக்குடும்பத்தில் ஸ்ட்ரெப்டோமைசினும் ஜென்டாமைசினும் சமநிலைப் பகுதியையே பெரிதும் தாக்குகின்றன. கனமைசினும் அமிக்காசினும் கேட்டல் பகுதியைப் பெரிதும் தாக்குகின்றன. சிறுநீரகமே இம்மருந்துகளை வெளியேற்றுவதால், சிறுநீரகக் குறைபாடு உடையோருக்கும் முதியோருக்கும் தீங்கு மிகுதி. இந்தியத் திட்டத்தில் ஸ்ட்ரெப்டோமைசினின் அளவு 0.75 கிராமாக இருந்தபோது, 50 வயதைக் கடந்தோருக்கு 0.5 கிராம் எனக் குறைக்கப்பட்டிருந்ததன் காரணம் இதுவே. ஃபுரோசமைடு போன்ற சிறுநீர் பெருக்கிகளை உடன் கொடுத்தால் தீங்கு கூடும். கருவிலுள்ள குழந்தையின் செவியைப் பாதிக்கும் என்பதால் கருவுற்ற பெண்களுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் விலக்கப்பட்டது. இழைமணி மரபணுவில் 1555 ஆம் இடத்தில் ஒரு மாற்றம் உடைய குடும்பங்களில், வழக்கமான அளவிலேயே கடுமையான செவிட்டுத்தன்மை ஏற்படுவதும் அறியப்பட்டுள்ளது. இம்மாற்றம் தாய்வழியாகவே கடத்தப்படும்.

சமநிலை இழந்த வாழ்வு

மூட்டுக் காசநோய்க்காக ஸ்ட்ரெப்டோமைசின் பெற்றுச் சமநிலை உணர்வை முற்றிலும் இழந்த அமெரிக்க மருத்துவர் ஒருவர், தம் அனுபவத்தை 1952 இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஜே. சி. என்னும் முதலெழுத்துகளோடு எழுதினார். படுக்கையில் படிக்கும்போது நாடித்துடிப்பினால் தலை அசையும் சிறு அசைவே எழுத்துகளைக் கலங்கச் செய்ததால், கட்டிலின் தலைமாட்டுக் கம்பிகளுக்கிடையே தலையை அழுத்தி வைத்துக்கொண்டே அவரால் படிக்க முடிந்தது. தெருவில் நடந்தால் எதிரே வருவோரின் முகம் தெரியவில்லை. நின்ற பிறகே தெரிந்தது. காலப்போக்கில் கண்ணையும் கால் உணர்வையும் கொண்டு அவர் ஓரளவு ஈடுசெய்யக் கற்றுக்கொண்டார். மருந்தின் பக்கவிளைவு பற்றி நோயாளியே எழுதிய கட்டுரைகளுள் இது இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றது.

இத்தகையோரிடம் சுழற்சி உணர்வு இருப்பதில்லை என்பதை மீண்டும் குறிப்பிடுதல் தகும். பகலில் ஓரளவு நன்றாக நடப்பர். இருட்டிலும் மணலிலும் மெத்தை போன்ற தரையிலும் தள்ளாடுவர். கண்ணை மூடிக்கொண்டு தலைக்கு நீர் ஊற்றும்போது சாய்ந்து விழுவர். நீரினுள் மூழ்கினால் மேல் எது, கீழ் எது என்று அறிய இயலாது. எனவே கிணற்றிலோ குளத்திலோ குதித்து நீந்துவது, முன்பு நன்கு நீந்தியவருக்கும் உயிருக்கு ஆபத்தானது.

இந்தியத் திட்டத்தில் ஸ்ட்ரெப்டோமைசின்

1962 இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டத்திலும், 1997 முதல் நாடளாவிய நிலையில் விரிவாக்கப்பட்ட திருத்திய தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்திலும் ஸ்ட்ரெப்டோமைசின் இடம்பெற்றது. பிந்தையதில், முன்பு சிகிச்சை பெற்று மீண்டும் நோயுற்றோருக்கான இரண்டாம் வகைச் சிகிச்சையில் முதல் இரண்டு மாதங்கள் வாரம் மும்முறை என 24 ஊசிகள் போடப்பட்டன. இவ்வகைச் சிகிச்சையைக் கைவிடுமாறு உலக சுகாதார அமைப்பு 2017 இல் பரிந்துரைத்தது. இந்தியாவிலும் பின்னர் இது கைவிடப்பட்டது. பன்மருந்து எதிர்ப்புக் காசநோய்க்குக் கொடுக்கப்பட்டு வந்த கனமைசின், கேப்ரியோமைசின் ஊசிகளையும் 2018 இல் அவ்வமைப்பு தவிர்க்கச் சொன்னது. பெடாகுவிலின் முதலிய மருந்துகளைக் கொண்ட, ஊசியற்ற முறைகள் அவற்றின் இடத்தைப் பெற்றன. ஆயினும் முன்னர் ஊசி பெற்றுக் குணமடைந்தோர் பலர் இன்றும் வாழ்கின்றனர். முதியவர் ஒருவரின் தள்ளாட்டத்துக்குக் காரணம் தேடும்போது, இளமையில் காசநோய் ஊசி போட்டதுண்டா என்று கேட்பது தமிழ்நாட்டில் பொருளற்ற கேள்வியன்று.

நஞ்சே மருந்தாதல்

மெனியர் நோயில் உட்காது நீர்மம் மிகுவதாகக் கருதப்படுகின்றது. இருபது நிமிடம் முதல் பல மணி நேரம் வரை நீடிக்கும் கடும் சுழற்சி, வாந்தி, காதிரைச்சல், ஏறி இறங்கும் கேட்டல் குறைவு ஆகியவை இதன் அறிகுறிகள். உட்காதே தலைச்சுற்றலுக்குக் காரணமாகலாம் என்பதைப் பிரான்சு நாட்டு மருத்துவர் புரோஸ்பர் மெனியர் 1861 இல் எடுத்துரைத்தார்.

உட்காதின் சமநிலைப் பகுதியை ஸ்ட்ரெப்டோமைசின் அழிக்கின்றது என்பது தெரிந்ததும், இடையறாது பொய்ச்செய்தி அனுப்பும் காதை அதனைக் கொண்டே அடக்கலாம் என்ற எண்ணம் எழுந்தது. 1948 இல் ஃபவுலர் இம்மருந்தை ஊசி வழியாக உடலில் செலுத்தித் தலைச்சுற்றலை நிறுத்தினார். ஆனால் மருந்து இரு காதுகளையும் அடைந்ததால், சுழற்சி நின்ற நோயாளிக்குத் தள்ளாட்டம் நிலைத்துவிட்டது. 1956 இல் ஷுக்னெக்ட், பழுதுற்ற காதின் செவிப்பறை வழியாக நடுக்காதில் மட்டும் மருந்தைச் செலுத்தும் முறையை வெளியிட்டார். பின்னர் ஸ்ட்ரெப்டோமைசினின் இடத்தை ஜென்டாமைசின் பெற்றது.

இன்று இது மற்ற முறைகளுக்கு அடங்காத, ஒரு காதில் மட்டும் உள்ள மெனியர் நோய்க்குச் செய்யப்படுகின்றது. நடுக்காதில் விடப்பட்ட மருந்து வட்டச் சாளரம் என்னும் சவ்வு வழியாக உட்காதினுள் கசிந்து செல்கின்றது. ஓரிரு ஊசிகளே பலருக்குப் போதுமானவை. செலுத்திய சில நாட்களில் தலைச்சுற்றல் ஒருமுறை கடுமையாகி, மூளை ஈடுசெய்யப் பழகியபின் தணியும். கேட்கும் திறன் குறையும் வாய்ப்பு இருப்பதால், மறுகாது நன்றாக இருப்பதை உறுதி செய்த பின்னரே இது மேற்கொள்ளப்படும். இரு காதுகளிலும் நோயுள்ளோருக்கு இது ஏற்றதன்று.

தலைச்சுற்றலை உண்டாக்கும் பிற மருந்துகள்

உட்காதை நேரடியாகத் தாக்கும் மருந்துகள் சிலவே. புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின் முதன்மையாகக் கேட்டலைப் பாதிக்கும். மலேரியாவுக்கான குயினைனும், பேரளவு ஆஸ்பிரினும் காதிரைச்சலோடு தலைச்சுற்றலையும் தரும். இவை மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் மறையும். மினோசைக்கிளின் சிலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, முதல் சில நாட்களிலேயே தலைச்சுற்றல் தருவதுண்டு. அதுவும் நிறுத்தியதும் நீங்கும்.

வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டாயின், கார்பமசெப்பின் ஆகியவை குருதியில் அளவு மிகும்போது சிறுமூளையைப் பாதித்து, தள்ளாட்டத்தையும் கண்மணி அதிர்வையும் உண்டாக்குகின்றன. ஃபெனிட்டாயினில் அளவைச் சிறிது கூட்டினாலும் குருதியில் அது பலமடங்கு ஏறக்கூடும். நெடுங்காலம் மிகையளவில் உட்கொண்டால் சிறுமூளை நிலையாகச் சுருங்குவதும் உண்டு. தூக்க மாத்திரைகள், மனச்சோர்வு மருந்துகள், மது ஆகியனவும் இவ்வகையில் அடங்கும். மனச்சோர்வு மருந்துகள் சிலவற்றைத் திடீரென நிறுத்துவதும் தலைச்சுற்றலைத் தரும் என்பதால் அவற்றைப் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

எண்ணிக்கையில் மிகுந்தவை இரத்த அழுத்தத்தையோ சர்க்கரையையோ குறைக்கும் மருந்துகளே. பிரசோசின், புரோஸ்டேட் வீக்கத்துக்கான டாம்சுலோசின், சிறுநீர் பெருக்கிகள் ஆகியவை எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தத்தை விழச் செய்யலாம். கிளைபென்கிளமைடு, கிளிமெபிரைடு, இன்சுலின் ஆகியவை உணவு தவறினால் சர்க்கரையை அளவுக்கு மீறிக் குறைத்து வியர்வை, நடுக்கம், மயக்கம் தரும். இவை உண்மையான சுழற்சி அல்ல எனினும், நோயாளி இவற்றையும் தலைச்சுற்றல் என்றே கூறுவார்.

தொழிலும் மருந்தும்

ஒரே மாத்திரை ஒருவருக்குத் தொல்லையின்றி இருப்பதற்கும் மற்றொருவரை விழச் செய்வதற்கும் அவர்களது தொழிலும் காரணமாகின்றது. சேலம் மாநகராட்சியின் நான்கு மண்டலங்களுள் ஒன்றான அம்மாபேட்டை நெடுங்காலமாக நெசவாளர் வாழும் பகுதி. குழித்தறியில் நெய்பவர் தரைமட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழியினுள் மிதிகள் மேல் வைத்து, நெடுநேரம் பணி செய்து, பின் கையூன்றி மேலே எழ வேண்டும். இரத்த அழுத்த மாத்திரையோடு சிறுநீர் பெருக்கியும் உண்ணும் முதிய நெசவாளருக்கு, ஏப்ரல், மே மாத வெயிலில் உடல்நீர் குறைந்திருக்கும் வேளையில், கண் இருட்டுவதற்கு உகந்த சூழ்நிலை இதுவே. படுத்த நிலையிலும், எழுந்து நின்று மூன்று நிமிடங்களுக்குள்ளும் இரத்த அழுத்தத்தை அளந்தால் விடை கிடைத்துவிடும். மேல் அழுத்தம் 20 அலகோ, கீழ் அழுத்தம் 10 அலகோ குறைந்தால் அது நிலைமாற்ற அழுத்தக்குறைவு எனப்படும். இவருக்குத் தேவை புதிய மாத்திரையன்று. பழைய மாத்திரையின் அளவை மருத்துவர் மறுபார்வை செய்வதே.

உட்காது பழுதுற்ற நெசவாளரின் நிலை வேறு. நாடா ஓடுவதைப் பின்தொடர்ந்தும் பலகையை இழுத்து அடித்தும் உடல் ஒரே தாளத்தில் அசையும்போது, பாவு இழைகள் நடுங்குவது போலத் தோன்றும். அறுந்த இழையைக் காண வேண்டுமானால் கையை நிறுத்தித் தலையை அசையாது வைத்திருக்க வேண்டியிருக்கும். கண் மருத்துவரிடம் சென்றால் பார்வைத் திறன் சரியாகவே இருக்கும், ஏனெனில் அங்கு அட்டையைப் படிக்கும்போது தலை அசைவதில்லை. தலையை மெல்ல இருபுறமும் ஆட்டிக்கொண்டே அதே அட்டையைப் படிக்கச் சொன்னால் பல வரிகள் குறைந்துவிடும். இவ்வெளிய சோதனைக்குக் கருவி ஏதும் தேவையில்லை.

தலைச்சுற்றலைத் தணிக்கும் மருந்துகள்

தலைச்சுற்றலுக்கான மருந்துகளுள் பெரும்பாலானவை நோயைக் குணப்படுத்துவதில்லை. சமநிலை நரம்பிலிருந்து மூளைக்குச் செல்லும் செய்தியையும் வாந்தி உணர்வையும் மட்டுப்படுத்துகின்றன. புரோமெத்தசின், டைமென்ஹைட்ரினேட், மெக்லிசின் ஆகியவை ஹிஸ்டமின் எதிர்ப்பிகள்; பயண ஒவ்வாமைக்கும் பயன்படுகின்றன. 1955 இல் ஜான்சென் நிறுவனம் உருவாக்கிய சின்னரிசின், ஹிஸ்டமினைத் தடுப்பதுடன் கால்சியம் கலத்தினுள் செல்வதையும் தடுக்கின்றது. இந்தியாவில் ஸ்டெமெட்டில் என்ற வணிகப் பெயரால் நன்கறியப்பட்ட புரோகுளோர்பெரசின், டோபமினைத் தடுத்து வாந்தியை அடக்குகின்றது.

திடீரெனத் தோன்றும் உட்காது நரம்பழற்சியில், எழுந்திருக்கவே முடியாத முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு இவை பேருதவி புரிகின்றன. அதன்பின் இவற்றைத் தொடர்வது தீங்காகும். ஒரு காது பழுதுற்றால், மறுகாது, கண், கால் ஆகியவற்றின் செய்திகளைக் கொண்டு மூளை தன்னைத் தானே சரிசெய்து கொள்கின்றது. பிழையை உணர்ந்தால்தான் மூளை அதனைத் திருத்த இயலும். மருந்து அப்பிழையையே மறைத்துவிடுகின்றது. வாரக்கணக்கில் மாத்திரை உண்பவர் மெதுவாகவே தேறுவதற்கு இதுவே காரணம். தேறவில்லை என்பதற்காக மேலும் மாத்திரை எழுதப்படுவதும் நிகழ்கின்றது.

சின்னரிசினும் புரோகுளோர்பெரசினும் முதியோரில் பார்க்கின்சன் நோயைப் போன்ற நிலையை உண்டாக்கக்கூடும். நடை சுருங்கும், முகத்தில் உணர்ச்சி குறையும், கை நடுங்கும், திரும்பும்போது விழுவர். மயக்கத்துக்காகத் தொடங்கிய மாத்திரையே ஓராண்டு கழித்துத் தள்ளாட்டத்துக்குக் காரணமாவது இவ்வாறுதான். மருந்துச் சீட்டைப் பார்க்காமல் நடுக்கத்துக்கென மற்றொரு மருந்து சேர்க்கப்பட்டால் குழப்பம் இரட்டிப்பாகும். மருந்தை நிறுத்திய பின் பெரும்பாலோர் தேறினாலும் அதற்குப் பல மாதங்கள் ஆகலாம். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் ஆண்டுக்கணக்கில் வாங்கி உண்ணும் வழக்கம் இத்தீங்கைப் பெருக்குகின்றது.

பெட்டாஹிஸ்டின் உறக்கம் தராததால், வெர்ட்டின் முதலிய பெயர்களில் மிக விரிவாக எழுதப்படும் மருந்தாகும். உட்காதில் குருதியோட்டத்தைக் கூட்டுவதாகவும் மூளையில் ஈடுசெய்தலை விரைவுபடுத்துவதாகவும் கருதப்படுகின்றது. ஆயினும் செருமனியில் மெனியர் நோயாளிகள் 221 பேரிடம் நடத்தி 2016 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஒன்பது மாதங்கள் பெட்டாஹிஸ்டின் உண்டோருக்கும் வெற்று மாத்திரை உண்டோருக்கும் தலைச்சுற்றல் எண்ணிக்கையில் வேறுபாடு காணப்படவில்லை. எல்லாக் குழுக்களிலும் தலைச்சுற்றல் காலப்போக்கில் குறைந்தது. தானே குறையும் இயல்புடைய நோயில், உட்கொண்ட மருந்துக்கே புகழ் போய்ச் சேர்வதை இது காட்டுகின்றது. இரைப்பைப் புண், ஆஸ்துமா உடையோர் இதனைக் கவனத்துடன் உட்கொள்ள வேண்டும்.

மருந்து தேவைப்படாத தலைச்சுற்றல்

உண்மையான சுழற்சிக்கு மிகப் பொதுவான காரணம் நிலைசார் தலைச்சுற்றலாகும். உட்பையிலிருந்து கழன்ற சுண்ணத் துகள்கள் அரைவட்டக் குழாயினுள் சென்றுவிடுவதால் இது ஏற்படுகின்றது. படுக்கையில் புரளும்போதும், அண்ணாந்து பரணில் இருந்து பொருள் எடுக்கும்போதும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகச் சுழற்சி தோன்றி மறையும். 1952 இல் டிக்ஸ், ஹால்பைக் இருவரும் விளக்கிய சோதனையால் இதனைப் படுக்கையருகிலேயே அறியலாம். எப்லி 1992 இல் வெளியிட்ட முறைப்படி தலையைக் குறிப்பிட்ட ஒழுங்கில் திருப்பினால் துகள்கள் உட்பைக்கே திரும்புகின்றன. சில நிமிடங்களே ஆகும் இம்முறையால் பெரும்பாலோர் ஓரிரு அமர்வுகளில் குணமடைகின்றனர். துகளை எந்த மாத்திரையும் நகர்த்தாது.

இரு காதுகளும் பழுதுற்றோருக்கும் மாத்திரையால் பயனில்லை. அடங்கிப்போன உறுப்பை மேலும் அடக்குவது அவர்களது தள்ளாட்டத்தைக் கூட்டவே செய்யும். அவர்களுக்கு உதவுவது சமநிலைப் பயிற்சியாகும். 1940களில் இங்கிலாந்தில் தலையில் அடிபட்டோருக்காகக் காதார்ன், குக்சி ஆகியோர் வகுத்த பயிற்சிகள் இதன் அடிப்படை. சுவரில் ஒட்டிய ஓர் எழுத்தை நோக்கியவாறே தலையை இருபுறமும் திருப்புதல், கால்களை ஒட்டி வைத்து நிற்றல், ஒரே கோட்டில் அடிமேல் அடி வைத்து நடத்தல் ஆகியவற்றை நாள்தோறும் சில முறை, பல வாரங்கள் செய்ய வேண்டும். தொடக்கத்தில் இவை தலைச்சுற்றலைக் கூட்டுவது இயல்பு. இரவில் கழிவறைக்குச் செல்லும் வழியில் விளக்கெரியவிடுவதும், குளிக்கும்போது சுவரையோ கைப்பிடியையோ பற்றிக்கொள்வதும் இப்பயிற்சியோடு சேர்த்துக் கற்பிக்கப்படுகின்றன.

தலைச்சுற்றலுடன் பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, ஒருபக்கக் கை கால் தளர்வு, முன்பு காணாத கடும் தலைவலி, நிற்கவே முடியாமை ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அது மூளைப் பக்கவாதமாக இருக்கலாம். அந்நிலையில் மருந்துக் கடை மாத்திரைக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காசநோய்க்கு அமிக்காசின் ஊசி பெறுவோர், சிகிச்சை தொடங்கும் முன்னும் பின்னர் மாதந்தோறும் கேட்டல் சோதனை செய்துகொள்வது வழக்கம். காதிரைச்சல், தள்ளாட்டம், படிக்கும்போது எழுத்து குலுங்குதல் ஆகியவற்றை ஊசி போடும் பணியாளரிடம் அன்றே கூறினால், மீதமுள்ள மயிர்க்கலங்களைக் காப்பதற்கு வாய்ப்புண்டு. காசநோய் மருந்துகளைத் தாமாக நிறுத்தினால் நோய் மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும் என்பதால், மருந்தை மாற்றுவதும் குறைப்பதும் மருத்துவரால் மட்டுமே செய்யப்படுகின்றது.